முன்னாள் படைவீரரின் மன அதிர்ச்சி: சென்னைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

"மிலிட்டரி ஆளு, அப்படித்தான் இருப்பாரு." இந்த ஒரு வாக்கியம் பல வீடுகளில் சிகிச்சையைப் பத்து, இருபது வருடம் தள்ளிப்போட்டிருக்கிறது. தூங்காமல் மொட்டைமாடியில் நடப்பது, கல்யாண மண்டபத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில் மட்டும் உட்காருவது, குக்கர் விசிலுக்குக் கத்துவது எல்லாமே அவருடைய குணம் என்று வீடு பழகிக்கொள்கிறது. குணமாக இருந்தால் மாற்ற முடியாது. இது நோய். சிகிச்சை இருக்கிறது, இருபது வருடம் கழித்துத் தொடங்கினாலும் பலன் தருகிறது.

ஆவடி, பட்டாபிராம், தாம்பரம், பரங்கிமலை, நந்தம்பாக்கம் பக்கம் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தவர்கள், 1999 கார்கில் பார்த்தவர்கள், காஷ்மீரிலும் வடகிழக்கிலும் வருடக்கணக்கில் நின்றவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய மனைவி, மக்கள், தம்பி, பழைய யூனிட் நண்பர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. அவர் இப்போது சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம்; நேராக "உயிர் ஆபத்து" பகுதிக்குப் போங்கள்.

எதைப் பார்த்து அடையாளம் காண்பது

மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்) என்று சொல்லும் இந்த நோய்க்கு நான்கு பக்கம் உண்டு. நடந்தது திரும்பத் திரும்ப வருவது: கெட்ட கனவு, பகலிலேயே அந்த இடத்துக்குப் போய்விட்டது போன்ற பார்வை. ஒதுங்குவது: செய்தி சேனலை அணைப்பது, யூனிட் ஆட்களின் போனை எடுக்காமல் விடுவது. மனம் இறுகுவது: பேத்தியைத் தூக்கினாலும் சந்தோஷம் வராமை, "நான் உயிரோட இருந்திருக்கக் கூடாது" என்ற குற்ற உணர்வு. எப்போதும் உஷாராக இருப்பது: திடுக்கிடல், எரிச்சல், தூக்கமின்மை. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையோ வீட்டையோ பாதித்தால் பரிசோதனை தேவை.

ஓய்வு பெற்ற பிறகு அறிகுறி கூடுவது சகஜம். பட்டாளத்தில் காலை பி.டி., ரோல் கால், மெஸ், கூடப் படுக்கும் பத்துப் பேர் எல்லாம் சேர்ந்து மனதைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. "சர்வீஸ்ல இருந்தப்ப நல்லாத்தானே இருந்தாரு" என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் படி: தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

மனசைப் பற்றிப் பேசலாம் என்றால் அவர் எழுந்து போய்விடுவார். தூக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்றால் உட்காருவார். தூக்கம் சரியில்லை என்று ஒத்துக்கொள்வதில் யாருக்கும் வெட்கம் இல்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, 14 இரவுகளுக்குக் கோடு போட்டு வையுங்கள். படுத்த நேரம், விளக்கு அணைத்த நேரம், எத்தனை முறை எழுந்தார், கனவா சத்தமா சிறுநீரா, காலையில் எழுந்த நேரம், அன்று குடித்தாரா, எவ்வளவு, மாலை நாலு மணிக்குப் பிறகு காபி, டீ உண்டா. ஒரு நாள் பதிவு இப்படி இருக்கும்: "படுத்தது 10.30. 1.40க்குக் கத்திக்கொண்டு எழுந்தார், பனியன் நனைந்திருந்தது, வெளிக்கதவைப் போய்ப் பார்த்தார். 3.15க்குத் திரும்பப் படுத்தார். 5 மணிக்கு எழுந்தார். ரம் இரண்டு பெக்." என்ன கனவு என்று எழுத வேண்டாம், கேட்கவும் வேண்டாம். முடிந்தால் நோட்டை அவரே எழுதட்டும். பட்டாளத்தில் ரெஜிஸ்டர் எழுதிப் பழகிய கை, பெரும்பாலும் மறுக்காது.

இந்த இரண்டு வாரப் பதிவு மருத்துவருக்கு அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும். வேறு காரணங்களையும் பிடித்துக் கொடுக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம், பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நள்ளிரவில் வியர்த்து எழுந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். அளவு இறங்கினாலும் வியர்வையும் கெட்ட கனவும் வரும். குண்டுவெடிப்புக்கு அருகில் இருந்தவர் என்றால் தலையில் அடிபட்டதா, காதில் இரைச்சல் உண்டா என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இரவில் எழுப்புவதும், பகலில் தடம் மாறும்போது கூப்பிடுவதும்

கனவில் கத்துபவரைத் தோளைப் பிடித்து உலுக்கவே கூடாது. கழுத்தில் கை போவதும் முகத்தில் அடி விழுவதும் அந்த ஒரு நொடியில்தான். அவர் கண்ணுக்கு நீங்கள் மனைவி இல்லை, மேலே பாய்கிற ஆள். செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் விளக்கைப் போடுங்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கதவுக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள். பிறகு சாதாரணக் குரலில், "என்னங்க, நான்தான். நம்ம ஆவடி வீடு. மணி மூணு. பிள்ளைங்க தூங்குறாங்க." கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்குபவர்கள் குழந்தையின் பெயரைச் சேர்த்து "பிரியா அப்பா" என்று கூப்பிடலாம். பழகிய அந்த அழைப்புக்குத்தான் அவர் சீக்கிரம் திரும்புவார். கண் திறந்ததும் தண்ணீர் கொடுங்கள். "என்ன கனவு?" என்று கேட்க வேண்டாம். வெளிக்கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் போகட்டும்.

பகலில் பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டால் காதில் விழாமல் இருக்கும் நேரத்திலும் இதே முறைதான். இடத்தையும் தேதியையும் சொல்லுங்கள், கால் தரையில் படும்படி உட்காரச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள், கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லுங்கள். இது பேய் பிடித்தது அல்ல. மந்திரிக்கக் கூட்டிப் போய் வேப்பிலை அடிப்பதும் உடுக்கைச் சத்தமும் நிலைமையை மோசமாக்கும்.

அவர் அமைதியாக இருக்கும் ஒரு பகலில், "அடுத்த தடவை இப்படி ஆனா நான் என்ன செய்யணும்?" என்று அவரிடமே கேட்டு வையுங்கள். அவருடைய பதில்தான் உங்கள் வீட்டுக்கான விதி.

பேசும்போது

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்ற கேள்வி வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையிடமிருந்தும் பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்தும் வரும். அதை நீங்களே முன்கூட்டித் தடுத்து வையுங்கள். "அதெல்லாம் மறந்துடுங்க", "எல்லாம் விதி", "நாட்டுக்காகத்தானே" என்பவையும் உதவாது. அவர் காதில் இவை "பேச்சை நிறுத்து" என்றே விழும்.

சிலர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: "நான் லீவுல வந்துட்டேன், என் டூட்டிக்கு அவன் போனான்." இதற்குத் தர்க்கம் பேசி ஜெயிக்க முடியாது. "அவர் பேரு என்ன? எந்த ஊரு? எப்படிப்பட்ட ஆளு?" என்று கேளுங்கள். அந்த நண்பன் இறந்த விதத்தைக் கேட்க வேண்டாம். வாழ்ந்த விதத்தைச் சொல்லட்டும். பேச்சு அதற்கு மேல் போனால் கேளுங்கள், நின்றால் நிற்கட்டும்.

பழைய யூனிட் ஆள் ஒருவர் சொன்னால் கேட்கும் மனம், பெற்ற மகன் சொன்னால் கேட்பதில்லை. "சாப், நானும் போய் மாத்திரை வாங்குறேன், வாங்க போலாம்" என்று ஒரு சக வீரர் சொல்வதற்கு நிகரான வார்த்தை குடும்பத்திடம் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் தேடிப் பிடியுங்கள்.

மருத்துவரிடம் போவது

தயக்கத்தின் வேர் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது. படையில் ஒவ்வொருவருக்கும் ஷேப் (SHAPE) என்ற மருத்துவத் தரம் உண்டு. அதன் முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. அந்தத் தரம் இறங்கினால் பதவி உயர்வும் போஸ்டிங்கும் போய்விடும் என்று பயந்து சர்வீஸ் முழுக்க மறைத்தே பழகியிருப்பார். இப்போது எந்தத் தரமும் இறங்காது, பென்ஷனும் குறையாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ராணுவம், கடற்படை, விமானப்படையில் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. சென்னையில் தீவுத்திடல், ஆவடி, தாம்பரம் பாலிகிளினிக்குகள் பலருக்கும் தெரிந்தவை. போகும் முறை: கார்டோடு காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். மெடிக்கல் ஆபீசரிடம் "தூக்கம் வரலைங்க" என்பதோடு நிறுத்தினால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. நோட்டைக் காட்டுங்கள். "பி.டி.எஸ்.டி. இருக்கான்னு சைக்கியாட்ரிஸ்ட் பார்க்கணும், ரெஃபரல் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். படை மருத்துவமனைக்கோ ஒப்பந்த மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். ரெஃபரல் தாளில் செல்லுபடியாகும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் உள்ளதா என்று முந்தின நாளே போனில் கேளுங்கள். இதய சிகிச்சைக்கு மட்டும் ஒப்பந்தம் உள்ள இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தால், அவர் அடுத்த முறை கிளம்பமாட்டார். அவசர நேரத்தில் ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளில் இருந்தவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். கிடையாது, ஓய்வு பெற்றவர்கள் மத்திய அரசின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். வழியாகப் போக வேண்டும்.

எந்தக் கார்டும் இல்லாவிட்டாலும் கதவு மூடவில்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சி. அனுபவம் உள்ள மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் "கீழ்ப்பாக்கம்" என்பதைச் சென்னையில் வசையாகச் சொல்லிப் பழக்கிவிட்டோம். அவர் அந்தப் பெயருக்கே முகம் சுளித்தால் வற்புறுத்த வேண்டாம். பொது மருத்துவமனையின் ஓ.பி.க்குப் போவதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

முதல் சந்திப்பில் 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுக்கலாம். மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33க்கு மேல் போனால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த எண் மட்டுமே நோயைத் தீர்மானிக்காது. ஆனால் மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போது முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும், அதனால் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

மாத்திரையும் பேச்சு சிகிச்சையும்

செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவை இந்த நோய்க்கு ஆதாரம் உள்ள மருந்துகள். செர்ட்ராலின் பெரும்பாலும் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கும். முதல் வாரம் வயிறு புரட்டும், தலை வலிக்கும், சிலருக்குப் பதற்றம் கூடும். பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாவது நாளில் "இது வேலைக்கு ஆகலை" என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று ஐந்தாவது மாதம் திடீரென நிறுத்துவதும்தான் பெரிய தவறுகள். நிறுத்துவது மருத்துவர் சொன்னபடி படிப்படியாக நடக்க வேண்டும். கெட்ட கனவுக்குச் சிலருக்கு பிரசோசின் கொடுப்பார்கள். அது ரத்த அழுத்தத்தையும் இறக்கும்; முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் மயங்கி விழலாம். பி.பி.க்கும் புராஸ்டேட்டுக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எல்லாப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் தின்பது பி.டி.எஸ்.டி.க்குச் சிகிச்சை இல்லை. பழக்கமாகும்; சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடலாம்.

பேச்சு சிகிச்சைதான் நோயின் வேரைத் தொடுவது. நினைவை நீண்ட நேரம் எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். சம்பவத்தைப் பற்றிய எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி 12 அமர்வுகள். குற்ற உணர்வு அதிகம் உள்ளவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். கண்ணை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாள வைக்கும் ஈ.எம்.டி.ஆர். மூன்றாவது. போனில் அப்பாயிண்ட்மென்ட் வாங்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: இந்த மூன்றில் எதில் பயிற்சி உண்டு? இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் உண்டா? அமர்வு முழுக்கத் தமிழில் நடக்குமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிலருக்குச் சம்பவம் இந்தியில் நினைவிருக்கும், அழுகை தமிழில் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் நடக்காது.

இரண்டாவது வாரத்திலிருந்து சில அமர்வுகள் வரை கனவு கூடலாம், கோபம் கூடலாம். மூடி வைத்ததைத் திறப்பதால் வருவது அது. இதை முன்பே சொல்லி வைக்காத வீடுகளில்தான் நான்காவது அமர்வோடு சிகிச்சை நின்றுபோகிறது. அமர்வு நடக்கும் நாளில் கல்யாணம், வங்கி வேலை எதையும் வைக்காதீர்கள்.

குடி

ராணுவக் கேண்டீன் கார்டில் மாதாமாதம் மது கோட்டா வருகிறது, டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் கலைந்து கனவு இரட்டிப்பாகும். நோட்டில் குடித்த இரவையும் குடிக்காத இரவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், உபதேசம் வேண்டாம்.

தினமும் குடிப்பவரின் பாட்டிலை ஒளித்துவைத்து ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஆபத்து. 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் உளறும் நிலை வரலாம், உயிரே போகலாம். தயாமின் (வைட்டமின் பி1) ஊசி, மருந்தோடு மருத்துவமனையில் நிறுத்த வேண்டும். கோட்டாவை வாங்காமல் விடுவது அவர் சம்மதத்தோடு நடக்கட்டும். திருட்டுத்தனமாகக் கார்டை எடுத்து வைத்தால் நம்பிக்கை போய்விடும்.

உயிர் ஆபத்து

மெடல்களை யாருக்காவது கொடுப்பது, பென்ஷன் நாமினி பேப்பரைத் திடீரென எடுத்து விளக்குவது, வாரக்கணக்கில் கொந்தளித்தவர் ஒரே நாளில் அமைதியாவது ஆகியவற்றைக் கண்டால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் வராது, கேட்டதால் மனச்சுமை இறங்கியவர்கள் உண்டு. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள்.

வங்கியிலோ நகைக்கடையிலோ கன்மேனாக இருப்பவர்கள் பலரிடம் சொந்த உரிமத் துப்பாக்கி இருக்கும். ஆயுதச் சட்டப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கலாம். "தூக்கம் சரியாகுற வரைக்கும்" என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். தோட்டாவையும் சேர்த்துக் கொடுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைக்க வேண்டாம். எலி மருந்து, பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 1986 முதல் இயங்குகிறது: 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

தீபாவளி, போகி, சாவு வெடி

அவரைத் தாக்குவது சத்தத்தின் அளவைவிட அது எதிர்பாராமல் வருவதுதான். தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருந்தாலும், முந்தின வாரமே தெருவில் அணுகுண்டு ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் முன்பே அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுங்கள். எந்த அறை, யார் கூட இருப்பார், ஜன்னல் சாத்தி ஃபேனும் பாட்டும் போடுவதா, அல்லது மொட்டைமாடிக்குப் போய் வெடிப்பதைக் கண்ணால் பார்ப்பதா என்று அவரே சொல்லட்டும். கண்ணால் பார்த்தபடி கேட்கும் சத்தத்தைத் தாங்குபவர்கள் பலர். பேரப்பிள்ளைகள் பற்றவைக்கும் முன் "தாத்தா, வைக்கப்போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வைக்கட்டும். அடுக்குமாடியாக இருந்தால் வாட்ஸப் குழுவில் நோயைச் சொல்லாமலே கேட்கலாம்: "லட்சுமி வெடி, ஆயிரம் வாலா எல்லாம் பின்பக்க கிரவுண்டுல வைங்க, ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு மெசேஜ் போடுங்க."

போகியன்று எரியும் டயர் வாசனை, சாவு ஊர்வலத்தில் வீசும் வெடி, ஜனவரி 1 நள்ளிரவு, மெட்ரோ பணியின் துளையிடும் சத்தம், தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் வீட்டுக் காலண்டரில் முடிந்தவரை குறித்து வையுங்கள். கூட இறந்த நண்பரின் நினைவு நாளையும். அந்த வாரங்களில் காரணம் தெரியாத சண்டை வரும்.

ஆனால் எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி வைத்துக்கொண்டே போனால் அவருடைய உலகம் ஒரு அறையாகச் சுருங்கிவிடும். சிகிச்சை தொடங்கியபின், தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும்: இந்த வருடம் மூடிய அறை, அடுத்த வருடம் பால்கனி.

வேலையும் இதில் சேரும். முப்பதுகளின் கடைசியில் ஓய்வு பெறும் ஜவான்கள் பெரும்பாலும் செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகிறார்கள். 12 மணி நேர நைட் டூட்டி, அதுவும் வாராவாரம் மாறும் ஷிஃப்ட், எந்தச் சிகிச்சையையும் கெடுக்கும். மருத்துவரிடம் கடிதம் வாங்கி நிலையான பகல் டூட்டி கேளுங்கள். சம்பளம் குறைந்தாலும் ஏற்கத் தகுந்த இழப்பு இது.

காகிதங்கள்

ஊன ஓய்வூதியம் கேட்க வேண்டியிருந்தால் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வு பெறும்போது பார்த்த மருத்துவக் குழு) அறிக்கை, காயம் பற்றிய ரிப்போர்ட் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். இல்லாதவற்றை அவருடைய படையின் ரெக்கார்ட் ஆபீசில் எழுதிக் கேட்கலாம். படையில் சேரும்போது ஆவணத்தில் பதிவாகாத நோய் பின்னர் வந்து மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டிருந்தால், அது பணியால் வந்ததாகக் கருதப்பட வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் துறை மேல்முறையீடு, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. விண்ணப்பத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பங்கு கேட்கும் தரகர்களிடம் அசல் காகிதம் எதையும் கொடுக்காதீர்கள். வழக்கையும் சிகிச்சையையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வைக்கவும் வேண்டாம்.

மனைவிக்கு

பதினைந்து வருடம் காதை அவர் பக்கம் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியவர் நீங்கள். உங்களுக்கும் தூக்கம் கெட்டிருக்கும், சத்தத்துக்குப் படபடப்பு வந்திருக்கும். வாரத்தில் இரண்டு இரவு தனி அறையில் படுங்கள். அவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் படுங்கள். அடி விழுந்தால் நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை: பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், சிகிச்சையைப் பிறகு தொடரலாம். 14416ல் குடும்பத்தாரும் பேசலாம். ஈ.சி.எச்.எஸ். கார்டு உங்களுக்கும் தனியாக உண்டு. அவரைக் கூட்டிப்போகும் அதே நாளில் உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.